இல்லாத துருத்தி

இன்றைக்கும் பியானோ வகுப்பில் என் இடது கை தானாக எழுந்து, அங்கே இல்லாத ஆர்மோனியத்தின் துருத்தியை அசைத்தது. பக்கத்தில் இருந்த சிறுமி சிரித்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

முதல் வகுப்பிலும் இதேதான் நடந்தது. ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தோம். என்னை இறக்கிவிட்டுப் போகாமல், இரண்டு ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாய். "ஆர்மோனியம் வாசிச்சிருக்கீங்களா சார்?" என்று டீச்சர் கேட்டார். பெங்களூரில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த அறை. பஜனைக்காரன் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூசி, "இல்லைங்க, கம்பெனியில மெஷின் லீவர் இழுத்த பழக்கம்" என்றேன்.

பதினொரு வருடம், சனிக்கிழமை தவறாமல், கெலமங்கலம் பெருமாள் கோவிலில் உன் பாட்டுக்கு வாசித்தவன் சொன்ன பதில் அது. தெலுங்கோ கன்னடமோ தமிழோ, நீ எடுத்த சுருதியில் என் விரல் போய் நிற்கும். ஆர்மோனியப் பெட்டியும் உன்னுடையதுதான்.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தினாய். டீக்கடையில், டம்ளரைப் பார்த்தபடி சொன்னாய்: "அப்ப சனிக்கெழம மெஷின எடுத்துக்கினு வந்துர்றா."

சிரிக்கத்தான் சொன்னாய். எனக்கு முகம் எரிந்தது. அந்தச் சனிக்கிழமை வரவில்லை. பிறகு ஓவர்டைம், காய்ச்சல் என்று ஏதேதோ சொல்லி, வராமலே இருந்துவிட்டேன். செல்போனில் சுருதி வைத்துப் பாடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கேட்க நாள் இருக்கிறது என்று நினைத்தேன். கம்பெனி பஸ்ஸில் உனக்கு நெஞ்சு வலித்தபோது நான் வேறு ஷிஃப்டில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

காரியத்தன்று உன் மனைவி ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "நீங்க வருவீங்கன்னு சனிக்கெழம ஆனா தொடச்சு வெப்பாருங்க." கூடியிருந்தவர்கள் பாடத் தொடங்கினார்கள். என்னால் மூடியைத் திறக்க முடியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இன்று டீச்சர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "ஆர்மோனியம்ங்க. பதினொரு வருஷம் ஒரு சிநேகிதனுக்கு வாசிச்சேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

கதவைத் திரும்பிப் பார்த்தேன். இதைக் கேட்க வேண்டியவன் அங்கே இல்லை. டீச்சர் என் இடது கையைப் பிடித்துக் கட்டைகள் மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி எழுந்துவிட்டது. நீ பாடிக்கொண்டிருக்கிறாய் என்றே அது இன்னும் நினைக்கிறது.