சிலை இடப்பக்கம் இருந்தது, அப்பா

என் ஆசைக் கப்பல்கார அப்பாவுக்கு,

நம் ஊர் விஸ்வநத்தமே உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. உங்களை அடக்கம் செய்த அன்று பாதிரியார்கூட அப்படித்தான் சொன்னார். அந்தப் பெயரால் நான் உங்களை அழைப்பது இதுவே கடைசி. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் நினைவு ஜெபத்துக்காக இங்கிலாந்தில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் லீவு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இங்கே தீபாவளி சீசன். நம் தெருவில் பட்டாசு லோடு லாரிகளுக்கு நடுவே நடக்க இடமில்லை. மழை வந்து கெடுத்துவிடுமோ என்று எல்லாரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பி சாமுவேல் உங்கள் கல்லறைக் கல்லுக்குச் சாத்தூரில் ஆர்டர் கொடுத்திருக்கிறான். உங்கள் பெயருக்கு மேலே ஒரு கப்பல் படமாம். மாதிரி வரைந்து அனுப்பியிருந்தார்கள். நல்ல கப்பல்தான், புகைபோக்கியெல்லாம் வைத்து.

இன்னொரு செய்தி. துணி வெளுக்கும் வேலை பார்த்த கதையெல்லாம் சொல்வீர்களே, அந்தக் கப்பலில் நானும் போனேன் அப்பா. சவுத்தாம்ப்டனில் ஏறி, அட்லாண்டிக்கைத் தாண்டி, நியூயார்க்கில் இறங்கினேன். விமானத்தில் போனால் ஒரு பொழுது. கப்பலில் ஒரு வாரம். உடன் வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டது அவர்கள் காதில் விழுந்ததா?

"தாயி, ஒருக்கா அந்தக் கப்பல்ல போயிரு. அமெரிக்கா வார அன்னைக்கு விடியக்கருக்கல்ல எந்திரிச்சு மேல போயி வலப்பக்கம் நில்லு. விளக்கத் தூக்கி நிக்கிற சுதந்திரச் சிலை வரும். எங்கப்பன் இங்கனதான் நின்னான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

சொல்கிறேன் என்று உங்கள் நெற்றியில் சிலுவை போட்டேன்.

கப்பலில் உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பணக்காரக் கிழவர்களும் கிழவிகளும் சாயங்காலமானால் கோட்டும் கவுனுமாக நடனமாடினார்கள். நான் அம்மாவின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து, கீழே எந்தத் தளத்தில் அப்பா துணி வெளுத்திருப்பார் என்று யோசித்தேன். கடல் கொந்தளித்த நாளில் தட்டுகள் தாமாக மேசையில் நகர்ந்தன. நீங்கள் சொல்லித் தந்தபடி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்துக் கிடந்தேன். அது பலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுக்கடலுக்கு வந்த அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். நாலு பக்கமும் தண்ணீர். இந்த இடத்தில்தானே உங்களுக்கு அந்தச் சேதி வந்தது?

அம்மா எம். புதுப்பட்டி பயராபீஸில் பட்டாசுக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தபோது அறை வெடித்தது. எனக்கு அப்போது ஆறாம் வகுப்பு. சாமுவேல் கைக்குழந்தை. விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். நீங்கள் கப்பல் வேலைக்கென்று போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வாரம் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள் அம்மா. நினைவு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"எஸ்தரு, அப்பா கப்பலு எங்கன வருது?"

"வந்துக்கிட்டே இருக்கும்மா."

"பாவம். நடுக்கடல்ல அவுக என்ன செய்வாக? நீ அப்பா மேல கோவப்படாத, என்ன?"

நான் கோபப்படவில்லை. பெட்டி மண்ணுக்குள் இறங்கியபோது, கடலில் இருக்கும் சகோதரனுக்காக ஜெபிப்போம் என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்களை முழுசாக மன்னித்தேன். பிறகு நீங்கள் ஊருக்கு வந்து சொன்னீர்கள், வயர்லெஸ்ஸில் சேதி வந்ததும் கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உங்கள் பக்கத்தில் நின்றார் என்று. அதைக் கேட்டு அழாதவர்கள் நம் சபையில் யாராவது உண்டா?

சிலைக்கு வருகிறேன்.

விடியுமுன் எழுந்து, புடவைமேல் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். கப்பல் ஒரு பெரிய பாலத்துக்கு அடியில் நுழைந்து போனது. நான் வலப்பக்கம் நின்றேன். கூட்டம் முழுதும் இடப்பக்கம் நின்றது. இவர்களுக்கெல்லாம் இடம் சொல்லிக் கொடுக்க ஓர் அப்பா இல்லையே என்று பரிதாபப்பட்டேன், நிஜமாகவே. நேரம் போனது. எனக்கு எதிரே கிட்டங்கிகள், பாரந்தூக்கிகள், மஞ்சள் விளக்குகள். முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஒரே ஆரவாரம். காபித் தட்டோடு போன ஒரு பையன், "மேடம், சிலை அந்தப் பக்கம்" என்றான்.

ஓடினேன். புடவை காலில் தட்டியது. போய்ச் சேர்ந்தபோது தலைகளுக்கு மேலே ஒரு கையும் விளக்கும்தான் தெரிந்தன, அவையும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. யாரிடமும் எந்த வார்த்தையும் சொல்லவில்லை.

அப்போதுகூட உங்களுக்காக வாதாடினேன் அப்பா. திரும்பிப் போகும்போது வலப்பக்கம்தானே வரும், வயசான காலத்தில் வந்ததையும் போனதையும் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அமெரிக்காவில் இறங்கிய முதல் நாள் முழுதும் இதையேதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். ஊரைப் பார்த்த ஞாபகமே இல்லை.

போன வாரம் நம் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் அந்தக் காலண்டர் படம். கப்பலுக்கென்று கிளம்புமுன் நீங்கள் வேலை பார்த்த சிவகாசி பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்து கண்ணாடிச் சட்டம் போட்டது. கப்பலின் மேல்தளம், கம்பி, வலப்பக்கம் சிலை, இடப்பக்கம் உயர உயரக் கட்டடங்கள். நீங்கள் எங்களுக்குச் சொன்ன அமெரிக்கா அப்படியே இருந்தது, அதே வரிசையில். சின்ன வயசிலிருந்து பார்த்த படம். அன்றைக்குத்தான் சிலையின் கையைப் பார்த்தேன். விளக்கை இடக்கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நிஜத்தில் அது வலக்கை.

உங்களோடு பிரஸ்ஸில் வேலை பார்த்த செல்லையா மாமாவைக் கூட்டிவந்து படத்தின் முன்னால் நிறுத்தினேன். மாமா சட்டத்துக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏத்தா, இம்புட்டு வருசம் கழிச்சா கண்ணுல படணும்? இத அச்சடிக்கப் பிலிம் ஒட்டுனதே உங்கப்பன்தான். புரட்டி ஒட்டிட்டான், எடம் வலமாப் போச்சு. எளுத்து இருந்தா தெரிஞ்சிருக்கும், வெறும் படம்ல, தப்பிருச்சு. ஒரு லோடு அச்சாகிப் போனப்பறம் ஆர்டர் குடுத்தவன் வந்து கத்துறான். மொதலாளி எல்லார் முன்னாலயும் வெளிய போடான்னுட்டாரு. அந்த ரோசத்துலதான் கப்பலுக்குப் போறேன்னு கெளம்புனான்."

"போனாகளா மாமா?"

"பம்பாய் வரைக்கும் போனான். கப்பல் ஏத்திவிடுறேன்னு சொன்னவனக் காணோம். ஊரே சரவெடி போட்டு அனுப்பி வச்சிருக்கு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்புவான்? நம்மூர்க்காரர் ஒருத்தரு அங்கன பிரஸ் வச்சிருந்தாரு. நான்தான் சொல்லிச் சேத்துவிட்டேன். அவன் கப்பலே ஏறல தாயி."

கேட்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் கேட்டேன். "அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப?"

"அன்னைக்கே அந்தப் பிரஸ்ஸுக்குப் போன் போட்டேன். அழுதான். ரயிலேறி வாடான்னேன். ரெண்டு நாள்ல வந்திருக்கலாம். 'இப்ப வந்து நின்னா ஊரு சிரிக்கும்லே, நடுக்கடல்ல இருக்கேன்னு சொல்லிரு'ன்னான். நானும் வந்து அப்படியே சொன்னேன். பாவி."

பாவி என்று மாமா தன்னைச் சொன்னாரா, உங்களைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் கப்பல் ஏறாதது எனக்குப் பெரிதில்லை அப்பா. ஏமாந்து போனேன் தாயி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களைக் கட்டிக்கொண்டிருப்பேன். அம்மா வாழையிலையில் கிடந்து உங்கள் கப்பல் எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, அப்போது நீங்கள் ஒரு ரயில் தூரத்தில் உட்கார்ந்து பிலிம் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். எதற்குப் பயந்தீர்கள்? ஊர் எத்தனை நாள் சிரித்திருக்கும்? அடுத்த சீசன் வந்தால் மறந்திருக்காதா? அந்தக் கேப்டன் தொப்பியை எங்கிருந்து எடுத்தீர்கள்? அதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிச் சொல்லி அழுதீர்களே, அந்தக் கண்ணீராவது நிஜமா?

என்னை எதற்காக அந்தக் கப்பலில் அனுப்பினீர்கள் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. உங்கள் பொய்யை நான் போய் மெய்யாக்கிவிட்டு வரவேண்டும் என்றா? இல்லை, வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாமல், நானே போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்றா? இரண்டாவதாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைதான்.

சாமுவேலிடம் சொன்னேன். "போனவுகளப் போயி என்னக்கா, விட்ரு" என்றான். அவனுக்கு அம்மா முகம் தெரியாது. எனக்கு விட முடியவில்லை. மறுநாள் காலையில் பஸ் பிடித்துச் சாத்தூருக்குப் போய், கல்லில் கப்பல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அச்சாபீஸ் தொழிலாளி என்று போடச் சொன்னேன். அதில் என்ன குறைச்சல் அப்பா?

அம்மா கல்லறைக்கும் போனேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கடலில் தவிக்கிறீர்கள் என்று உங்களுக்காக இரங்கிக்கொண்டேதான் அவள் போனாள். அந்த ஒரு ஆறுதலை நான் பிடுங்க மாட்டேன்.

ஆனால் என்னுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்ணை மூடிக் கொடுத்த மன்னிப்பு, நடுக்கடலில் இருந்தவருக்குக் கொடுத்தது. பம்பாயில் இருந்தவரை மன்னிப்பதா என்று நான் இனிமேல்தான் யோசிக்க வேண்டும். யோசிப்பேன் அப்பா, அது சத்தியம். வருஷா வருஷம் உங்கள் நாளுக்கு வருவேன், பூ வைப்பேன். என்றைக்கு மனசு வருகிறதோ, அன்றைக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டே சொல்வேன். அதுவரை நீங்கள் காத்திருங்கள், அம்மா காத்திருந்த மாதிரி.

அந்த வாழையிலைப் பக்கத்தில் உங்களுக்கும் சேர்த்து உட்கார்ந்திருந்த,
உங்கள் மூத்த மகள்
எஸ்தர்