தலைகீழாய்ப் பிடித்த அளவுகோல்

இன்று காலை கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. பெட்டியைப் பிரித்து ஒரு ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். குமிழி இரண்டு முறை ஆடி நடுக்கோட்டில் நின்றது. கொத்தனார்களுக்குத் தினமும் விற்கிற சாமான்தான். ஆனால் நீ இல்லாமல் போன பிறகு வந்த முதல் பெட்டி இது. காலேஜில் மட்டம் பார்க்கும்போது குமிழி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாயே, அது நினைவுக்கு வந்துவிட்டது.

ஒளிக்காமல் சொல்கிறேன். பி.ஏ. புவியியலில் இடம் காலியாக இருந்ததால் சேர்ந்தவள் நான். ஆசைப்பட்டுச் சேர்ந்தவள் நீ. கடைசி வருடம் அளவைப் பணிக்கு நம்மை ஜோடியாகப் போட்டார்கள். விவேக் நகரிலிருந்து ஈஜிபுரா வரை தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அளந்து படம் வரைய வேண்டும். அதில் தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போ என்று அண்ணன் சொல்லிவிட்டான். சும்மா மிரட்டுகிறவன் அல்ல அவன்.

முக்காலிமேல் நின்ற லெவல் கருவியில் கண்ணை வைத்து நான் பார்ப்பேன். நாலு மீட்டர் அளவுகோலை நீ தூரத்தில் நிமிர்த்திப் பிடிப்பாய். ஈஜிபுராவில் ஒரு அம்மா வாசலுக்கு ஓடிவந்தார்.

"இன்னாமா, ரோட்ட அகலம் பண்ணப் போறாங்களா? எங்க வூடு போவுமா?"

"போகாது ஆன்ட்டி. நாங்க காலேஜு. மார்க்குக்காக அளக்கறோம்."

"உங்க மார்க்குக்கு எங்க வாசல எதுக்கு அளக்குறீங்க?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் குனிந்து பார்த்தேன். அளவுகோலின் எண்கள் தலைகீழாய்த் தெரிவதை அப்போதுதான் கவனித்தேன். "ஏய், தலைகீழா புடிச்சிருக்கடி! திருப்பு!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டிருந்த நீயும் யோசிக்காமல் திருப்பினாய்.

அந்தப் பழைய கருவி எதையுமே தலைகீழாகத்தான் காட்டும், நீ முதலில் பிடித்ததுதான் சரி என்பது வகுப்பில் சொன்ன பாடம். நான் அன்றைக்கு வரவில்லை.

படத்தை வரைந்து முடித்து, தெருப் பெயர்களைச் சரிபார்க்க மறுபடி போனோம். அதே அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது எங்க தெருவா?"

"ஆமா ஆன்ட்டி. இந்த ஏரியாவுலயே இதான் மேடு," என்றேன் பெருமையாக.

"மேடா! மழ வந்தா முட்டி வரைக்கும் தண்ணி நிக்குது. அரிசி டின்ன கட்டில் மேல ஏத்தி வெக்கிறேன் நானு. மேடாமில்ல மேடு!"

உனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. கோல் தலைகீழானால் பள்ளமெல்லாம் மேடாகிவிடும். எனக்கு வியாபார மூளை அப்போதே இருந்தது. "எல்லா அளவையும் நாலுலேர்ந்து கழிச்சிட்டா சரியாயிடும்டி. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"எந்த எடத்துலேர்ந்து திருப்புனோம், ஞாபகம் இருக்கா?"

"உத்தேசமா..."

"உத்தேசமா தண்ணி ஓடாதுடி."

நேராக விரிவுரையாளரிடம் போய் உண்மையைச் சொன்னாய். திட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நாள் கருவியைக் கொடுத்தார். அன்றைக்கென்று தூறல். இருந்த ஒரே குடை கருவிக்கு. பிடித்தது அந்த அம்மாதான். இடையில் டீயும் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வில் புதுப் படத்தோடு தப்பான படத்தையும் நீ மேசைமேல் விரித்தாய். மேசைக்கடியில் உன் காலை மிதித்தேன்.

"இது என்ன?" என்றார் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

"முதல்ல தப்பா அளந்தோம் சார். எப்படித் தப்பாச்சுன்னு பின்பக்கம் எழுதியிருக்கோம்."

அவர் படித்தார். "யார் திருப்பச் சொன்னது?"

என் படிப்பே அந்தப் பதிலில் இருந்தது. நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ரெண்டு பேரும்தான் சார்."

அந்த வருடம் துறைச் சுவரில் மாட்டியது நம் புதுப் படத்தை. அண்ணன் கார்மென்ட்ஸ் பேச்சை விட்டுவிட்டான்.

நீ பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர் ஆனாய். நான் அடுகோடி ஏரியாவில் ஒரு பைப் கடையில் வேலை பழகி, சொந்தக் கடைக்கு இடம் தேடினேன். ஈஜிபுராவில் புரோக்கர் ஒரு மூலைக் கடையைக் காட்டினார். அகலமான தெரு, குறைந்த வாடகை. உனக்குப் போன் போட்டேன். "எனக்கெதுக்குடி போன்? படத்தோட நகல் உங்கிட்டதான இருக்கு?" என்று வைத்துவிட்டாய். படத்தைப் பார்த்து, மேட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடையைப் பிடித்தேன். புரோக்கர் சிரித்தார். அடுத்த பெருமழையில் அந்த மூலைக் கடையை எடுத்தவரின் சிமென்ட் மூட்டையெல்லாம் கல்லாகிப் போனது. என் கடை வாசற்படிகூட நனையவில்லை. எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர் வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

தப்பான படம்தான் இன்று என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. போன வாரம் எங்கள் ஆள் ஒருவர் வேறு அளவு பைப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். வீடு கட்டுகிறவர் கோபமாக வந்து, "யாரு பண்ண வேல இது?" என்று கேட்டார். பக்கத்தில் அந்த ஆள் தலைகுனிந்து நின்றிருந்தார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நாங்கதான் சார் தப்பா அனுப்பிட்டோம். இப்பவே மாத்தித் தர்றேன்."

அவர் போன பிறகு படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். உன் கையெழுத்தில் அரைப் பக்கம். திருப்பச் சொன்னவள் நான் என்று அதில் எங்கேயும் இல்லை.