பாப்டிஸ்ட் புகழ்ந்த பீர்

நூர்ன்பெர்க்,
2 நவம்பர் 1994

அன்புள்ள லோரென்ஸ்,

என் டிரைவர் ஊவேயின் லாரியில் நீ கொடுத்தனுப்பிய, குளிர்காலத்துக்கென்று கெட்டியாகக் காய்ச்சும் போக் பீர் உடையாமல் வந்து சேர்ந்தது. அத்தனை வைக்கோல் சுற்றியிருந்தாய். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என்னை ஒருதடவைகூட இவ்வளவு பத்திரமாக நீ எங்கும் அனுப்பியதில்லை.

கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். நிறம் கருஞ்சிவப்பு, நுரை அசையாமல் நிற்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் கறுப்பு ரொட்டியின் முறுகிய மேல்தோல், உலர்ந்த பிளம். முதல் மடக்கில் முளைகட்டி வறுத்த பார்லியின் மால்ட் ருசி நாக்கின்மேல் கனமாக உட்காருகிறது. போதை இருப்பதே தெரியாமல் இன்னொரு மடக்குக் கேட்கிறது. இதுவரை உன் கைவேலை, குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் குளிர்ச்சியில் எந்தக் கெடுதலும் ஒளிந்துகொள்ளும். அதனால் கோப்பையைக் கையில் வைத்துச் சூடேற்றினேன். அப்போது வந்தது: பழைய வெண்ணெயின் சிக்கு வாடை, அதன் பின்னால் புளிப்பு. தொட்டியில் ஏதோ கிருமி இறங்கியிருக்கிறது. ரப்பர் வளையங்களைக் கழற்றிப் பார். பதினோராம் தேதி புனித மார்ட்டின் திருநாளன்று கடையில் இதைத் திறக்காதே, லேசான பீரையே ஊற்று.

அந்தக் காய்ச்சலில் உனக்கு மணம் தெரியாமல் போனது மூன்று வருஷமாக நம் இருவருக்குள்தான் இருக்கிறது. நிலவறையில் நான் ருசித்து உன் காதில் சொன்னதை, மேலே போய் உன் நாக்கு சொன்னதாகச் சொல்வாய். அதையும் பொறுத்தேன். “ஹெட்விக்குக்குப் பெட்டி எண்ணத்தாம்ப்பா தெரியும், பீரைப் பத்தி அவகிட்டயா கேக்கறீங்க?” என்று மதுக்கடை முழுக்கக் கேட்கச் சிரித்தாயே, அன்றைக்குத்தான் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வேனில் தொடங்கிய சரக்குத் தொழில் இப்போது ஐந்து லாரியாகிவிட்டது. பெட்டி எண்ணத் தெரிந்ததும் வீண்போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹெட்விக்

ஓபர்லைட்டன்,
13 நவம்பர்

அன்புள்ள ஹெட்விக்,

திறந்துவிட்டேன்! நகரத்துக்குப் போனதும் உன் மூக்கு ரொம்ப நாசூக்காகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

கடையில் நிற்க இடமில்லை. குளிர்கால வழக்கப்படி அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொரு கோப்பையிலும் நானே முக்கிக் கொடுத்தேன். சுர்ரென்று நுரை பொங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். கூரை வேயும் பாப்டிஸ்ட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “லோரென்ஸ், இந்த மாதிரி பீரை என் ஆயுசுல குடிச்சதில்லடா! அற்புதம்!” என்றான். அதைக் கேட்டு மற்றவர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் புகழ்ந்தார்கள். மறுநாள் வேலை இருந்ததால் சிலர் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

உன் தயவில்லாமலும் என்னால் காய்ச்ச முடிகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது அவ்வளவு சந்தோஷமாக இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

உன் லோரென்ஸ்

நூர்ன்பெர்க்,
17 நவம்பர்

அன்புள்ள லோரென்ஸ்,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாப்டிஸ்டா அற்புதம் என்றான்?

நம்மூரில் ஒருத்தராவது பீரைப் புகழ்ந்து நீ கேட்டதுண்டா? உன் அப்பாவின் மிகச் சிறந்த போக் பீருக்கே “ம்ம், பரவால்ல, எறங்குது” என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்டு அவர் ஒரு வாரம் பூரித்துக்கிடந்தார். குறை இருந்தால் திட்டுவார்கள், நன்றாக இருந்தால் முனகுவார்கள். வாய் நிறையப் புகழ்வது யாரை? சாகக் கிடப்பவனை. பழுக்கக் காய்ச்சிய கம்பி முதல் இரண்டு மடக்கின் வாடையைத்தான் மறைக்கும். பாதிக் கோப்பைகள் ஏன் மேசையில் நின்றன என்று இப்போது யோசித்துப் பார்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. பாப்டிஸ்ட் உன்மேல் பரிதாபப்பட்டான் என்பது எனக்கே தாங்கவில்லை.

தொட்டியைக் காலி செய். கழுவி, மறுபடி காய்ச்சு. பிப்ரவரிக் குளிருக்குள் தயாராகிவிடும். வியாழன்தோறும் நான் வந்து ருசித்துச் சொல்கிறேன். கூலி வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ருசி பார்ப்பது யார் என்று கடையில் எல்லார் முன்னாலும் ஒருதடவை சொல். ஒரே வாக்கியம் போதும். அப்புறம் திரும்பி வருவதைப் பற்றியும் பேசலாம்.

ஹெட்விக்

ஓபர்லைட்டன்,
9 டிசம்பர்

அன்புள்ள ஹெட்விக்,

பாப்டிஸ்டைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

“ஒனக்கு மூக்கு போனது ஊருக்கே தெரியும்டா.”

“எப்பலேர்ந்து?”

“மொதல் வருஷத்துலேர்ந்தே. பால் பொங்கிக் கருகித் தீஞ்ச நாத்தம் தெருவரைக்கும் வருது, நீ பக்கத்துல நின்னு பேப்பர் படிக்கறே. ஹெட்விக் இருந்தவரைக்கும் பீர் சரியா இருந்துச்சு, நாங்க எதுக்கு வாயத் தொறக்கணும்?”

அன்று மாலையே முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டேன். தொட்டியின் ரப்பர் வளையம் உள்ளே பிசுபிசுத்துக் கிடந்தது, நீ சொன்னதுபோலவே. புதிதாகக் காய்ச்சித் தொட்டியில் ஏற்றியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். எல்லாரும் கோப்பையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள், எதற்காக எழுந்தேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். “புது பீர் பிப்ரவரியில வரும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர்களுக்குத்தான் தெரியுமே, ஹெட்விக். தெரிந்ததை நான் வேறு எதற்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? இந்த வியாழக்கிழமை வா. பின்வாசலைத் திறந்து வைக்கிறேன். அப்படியே நிலவறைக்கு இறங்கிவிட்டால் யார் கண்ணிலும் படாது.

காத்திருக்கும்,
லோரென்ஸ்

நூர்ன்பெர்க்,
13 டிசம்பர்

லோரென்ஸ்,

வியாழக்கிழமை வரமாட்டேன். அடுத்த வியாழக்கிழமையும் இல்லை.

ஊருக்குத் தெரியும் என்று படித்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ஆனால் நான் ஊரைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்டேன்.

ஊவேயிடம் இனி புட்டி எதுவும் கொடுத்தனுப்பாதே. வந்தால் அப்படியே திரும்பி வரும்.

புது பீரைக் கெடுத்துவிடாதே, அது பாவம். பாப்டிஸ்டுக்கு நல்ல நாக்கு இருக்கிறது, உண்மை சொல்லவும் இப்போது பழகியிருக்கிறான். அவனை ருசி பார்க்கச் சொல். நிலவறைக்குக் கூட்டிப்போகும்போது முன்வாசல் வழியாகக் கூட்டிப்போ.

ஹெட்விக்