கை சும்மா இருந்த இடம்

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. இரண்டாம் சனிக்கிழமைகளில் சின்ன காஞ்சிபுரம் பக்கம் வருவதை நிறுத்திவிட்டேன். உன் வீட்டில் வேறு குடும்பம் குடிவந்திருக்கிறது.

இந்த ஊரில் சைகை மொழிபெயர்ப்பாளர்கள் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். ஆஸ்பத்திரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. உள்ளேயே வைத்துக்கொள்ளவும் முடியாது. அதை ஒருவரிடம் ஒருவர் இறக்கிவைக்கத்தான் அந்தச் சனிக்கிழமைகள். ஆள் பெயர் வரக் கூடாது. வாயால் சொன்னதையும் கையால் சொன்னதையும் அப்படியே திரும்பச் செய்து காட்ட வேண்டும். கேட்பவள் கேள்விதான் கேட்கலாம், புத்தி சொல்லக் கூடாது. நான் காரணம் சொல்லத் தொடங்கினாலே நீ தடுத்துவிடுவாய். "வக்கீலம்மா, வாதமெல்லாம் அப்பறம் வச்சிக்கலாம். மொதல்ல என்னா நடந்துச்சு, செஞ்சி காட்டு."

இப்போது ஒன்று இருக்கிறது. உனக்கு எழுதலாமா என்று அதில் வரும் பெண்ணிடம் கேட்டேன். ஊர்ப் பெயரை மாற்றி எழுதச் சொன்னாள். அவள் ஊர் ஏனாத்தூர் என்று வைத்துக்கொள்.

அவளுக்குக் காது கேட்காது. மாமியாரோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள், இரண்டாவது மாதம். "இதுக்கு முன்னாடி எதுனா கலைஞ்சிருக்குதா?" என்று டாக்டர் கேட்டார். "ஆமா டாக்டர், ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தடவ" என்றேன். அன்றைக்கும் அவளோடு போனவள் நான்தான். வெளியே வரிசை நீளமாக நின்றது.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "அப்டியாமா? புருசனும் பொண்டாட்டியும் எங்கிட்ட மறைச்சிக்கினு இருந்திருக்குதுங்க, பாரு."

அவள் மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கையால் கேட்டாள். பழைய விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றேன். எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பீரோ கண்ணாடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் செய்து பார்த்தேன். வயது, மயக்கம், வாந்தி எல்லாவற்றுக்கும் கை அசைந்தது. அந்தக் கேள்வி வந்த இடத்தில் கை மடியில் சும்மா கிடந்தது. கேள்வி அவளிடம் போகவே இல்லை, ஸ்டெல்லா.

நீ என்ன கேட்டிருப்பாய்? "நீதான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியுமா?" என்றா?

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். சொன்னால் என்னை விட்டுவிடுவாள். நானும் இல்லையென்றால் மாமியாரை வைத்துக்கொண்டுதான் டாக்டரிடம் பேச வேண்டியிருக்கும். அதனால் சொல்லாமலிருப்பதே அவளுக்கு நல்லது என்று ஒரு வாதம்கூடத் தயாராக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். மாமியார் எதிரிலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சைகை அவருக்குப் புரியாது. "அப்டி என்னாமா பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றார். வாய்வரை வந்த பதிலை நிறுத்திக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கையால் அவளிடம் கொடுத்தேன். ஆஸ்பத்திரி விஷயம் என்று சொல்லச் சொன்னாள். அதை மட்டும் சொன்னேன்.

பழைய சீட்டைப் பார்த்து டாக்டர்தான் சொன்னார் என்று நினைத்திருந்தாளாம். பிறகு, அடுத்த தடவை வேறு ஆள் வரட்டும் என்றாள். நீ செய்ததை அந்த ஆளிடமும் சொல், அவரும் இதையே செய்துவிடப் போகிறார் என்றாள்.

செங்கல்பட்டிலிருந்து ஒரு அம்மா வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரும் தனியாகத்தான் வேலை பார்க்கிறார். நம் சனிக்கிழமை வழக்கத்தைச் சொன்னேன். "திட்டுவீங்களா?" என்று கேட்டார். கேள்விதான் கேட்போம் என்றேன். "அதுக்குத் திட்டே தேவலாமே" என்று சிரித்தார். வருகிற சனிக்கிழமை வீடியோ காலில் உட்காருகிறோம். முதலில் என்னுடையதைச் செய்து காட்டுவேன்.

அதற்கு முன் புதன்கிழமை அவர் அந்தப் பெண்ணோடு டாக்டர் அறைக்குள் போவார். முதல் ஸ்கேன். உள்ளே என்ன நடந்தது, குழந்தைக்குத் துடிப்பு தெரிந்ததா என்று அவரிடம் நான் கேட்க மாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

வேலையில் உன்னைவிட எட்டு மாதம் மூத்த உன் அக்கா,
மல்லிகா