மாலதியின் பிள்ளைக்கு ஒரு சிங்க நகம்

அன்புள்ள அண்ணை, எப்படி இருக்கிறீர்கள்? போய்ச் சேர்ந்த அந்த உலகத்திலாவது முழங்கால் வலி இல்லாமல் நடக்கிறீர்களா? நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியாததா? கதைக்கத்தான் வரும்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். உங்கள் மகள் மாலதிக்கு ஆண்பிள்ளை. உங்கள் நிறம், உங்கள் மூக்கு. அழுதால் அன்புவழிபுரம் முழுக்கக் கேட்கும். பிறந்து இன்றைக்கு முப்பத்தோராம் நாள், துடக்குக் கழித்தாயிற்று. குசினியில் பாயாசம் கொதிக்கிறது. நான் முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிறேன்.

காலையில் வாழையிலை வாங்க ரவுண் கடைத்தெருவுக்குப் போனேன். கடை வாசலில் ஒரு மான் அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டு நிற்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் கண்ட ஆபிரிக்க மான்கள் தண்ணீர் குடிக்கும்போதுகூடக் காதைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும் என்பீர்களே, அது நினைவு வந்தது. சரி, விஷயத்தை விட்டுவிட்டேன்.

கப்பல் வேலையில் ஆபிரிக்காவின் மொம்பாசாவில் நின்றபோது நீங்கள் வாங்கி வந்த நகம் இருக்கிறதல்லவா? அது சிங்கத்தின் நகம் என்று நீங்கள் சொல்லிக் களைத்தும், ஊர் அதைப் புலிநகம் என்றே சொன்னது. மாலதி போட்டுக் கழற்ற, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளைக்குப் பயம் தெளிய, அதற்கடுத்த வீடு. இப்படியே தெருப் பிள்ளைகள் எல்லாரும் போட்டார்கள். கடைசியில் பூமணி அக்காவின் பேத்தி அதைப் போட்டுக்கொண்டே கனடாவுக்குப் போய்விட்டாள். கேட்டால், குளிர் நாடு, பிள்ளை பயந்துபோகும் என்கிறார். குளிருக்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்.

ஆக, உங்கள் சொந்தப் பேரனுக்கு நகம் இல்லை. பிள்ளை நித்திரையில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும்புகிறான். மாலதிக்கு அதே யோசனை. உங்கள் மருமகனின் கப்பல் இப்போது மொம்பாசாவுக்குத்தான் போகிறது. ஒன்று வாங்கி வரச் சொல்லிவிட்டாள். கேள்விப்பட்ட பெண்கள் எங்களுக்கும் எங்களுக்கும் என்று வந்து நின்றார்கள். பூமணி அக்காதான் முதல் ஆள்.

நான் வாயைத் திறந்தேன். சிங்கம் செத்தால்தான் நகம் வரும் என்றேன்.

“ஒரு சிங்கத்துக்கு எத்தினை நகம் கிடக்கு? ஒண்டைக் கழட்டினால் செத்துப்போகுமோ?” என்றார் அக்கா.

“கையை நீட்டிக்கொண்டு இருக்க அது சலூனுக்கே வருது, அக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். மாலதி சிரிக்கவில்லை. அதனால், நீங்கள் எனக்கு மட்டும் சொன்னதை அன்றைக்கு அவளுக்குச் சொன்னேன். கோபிக்காதேயுங்கள்.

அடுத்த முறை போனபோது, கூட்டாளிகளோடு வாகனத்தில் காடு பார்க்கப் போனீர்கள். ஒட்டகச்சிவிங்கி, யானை எல்லாம் கண்டீர்கள். காண்டாமிருகத்துக்குத் துவக்கோடு ஆள் காவல் நின்றது. பிறகு ஒரு பெண்சிங்கம் பற்றைக்குப் பற்றை போய் மெல்லிய குரலில் கூப்பிட்டுத் திரிந்தது. என்னவென்று சாரதியைக் கேட்டீர்கள். மாட்டைச் சிங்கம் அடித்த கோபத்தில் யாரோ இறைச்சியில் நஞ்சு வைத்து, ஆண்சிங்கம் செத்துவிட்டது. நகத்தையும் பல்லையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காவலில்லாத கூட்டத்துக்குள் வேறொரு ஆண்சிங்கம் வந்து குட்டிகளைக் கொன்றுவிட்டது. அவற்றின் வழக்கம் அது. தாய் இன்னும் தேடுகிறது என்றான் சாரதி.

இனி ஒன்றும் வாங்குவதில்லை, வாங்க ஆளிருந்தால்தானே விற்பான் என்றீர்கள் என்னிடம்.

மாலதி பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டாள். “அப்பா எனக்குச் சொல்லேல்லையே, சித்தப்பா.”

“உன்ட கழுத்தில கிடந்ததை எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை?”

பிறகு, “எத்தினை குட்டி?” என்றாள். நான் அதை உங்களிடம் கேட்கவில்லை, அண்ணை. நீங்களும் சொல்லவில்லை.

பூமணி அக்கா விடவில்லை. எங்கேயோ ஆபிரிக்காவில் சிங்கம் செத்தால் எங்களுக்கென்ன என்றார். கப்பல்துறைக் காட்டுப் பக்கம் தீனிக்குள் வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானையைப் பார்த்துவிட்டு வந்து சோறு தின்னாமல் கிடந்தவர் இவர்தான். அதைச் சொன்னேன். “அது எங்கட யானை” என்றார். அங்கே இருக்கிறவர்களும் எங்கட சிங்கம் என்றுதானே சொல்வார்கள் என்றேன். அக்கா எழும்பித் தேங்காய் துருவப் போய்விட்டார்.

நகத்தை என்ன செய்வதென்று மாலதியை நான் பிறகு கேட்கவில்லை. முதல் பிள்ளை, தாய்க்குப் பயம். அதில் அதட்ட நான் யார்? கப்பல் இன்றைக்கு மொம்பாசாவில் கரை சேருமாம். உள்ளே அவள் போனில் மெதுவாகக் கதைப்பது கேட்கிறது. என்ன சொல்கிறாளோ தெரியாது.

எப்படியானாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பேரன் கதை கேட்கிற வயதுக்கு வரட்டும். நீங்கள் கண்ட காட்டை ஒன்றும் விடாமல் அவனுக்குச் சொல்வேன், அந்தத் தாய்ச் சிங்கத்தையும் சேர்த்து. அவன் வளர்ந்து போய்ப் பார்க்கவும் அங்கே சிங்கம் இருக்க வேண்டும், அண்ணை. இல்லாவிட்டால் என்னைப் புளுகன் என்பான்.

“சித்தப்பா, நகம் வேண்டாமெண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன். வெறும் கறுப்புக் கயிறுதான். அப்பாட இடத்தில நீங்கள்தான் கட்டவேணும், வாங்கோ.”

கூப்பிடுகிறாள், அண்ணை. இப்படிக்கு, கூடப் பிறக்காமலே உங்களுக்குத் தம்பியாகி, இப்போது உங்கள் பேரனுக்குக் கயிறு கட்டப் போகிறவன்.