வசந்தாவின் கைக்கு ஒரு கத்தி

7 ஆகஸ்ட் 1966, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே புழுக்கம். இலை அசையவில்லை. முதுநகரிலிருந்து சிதம்பரம் பாசஞ்சர், ஜன்னலோரம் இடம். ஜமாலின் லாரிப் பட்டறைக்கு. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. இப்போது அவனுக்குப் பட்டறை, எனக்கு ஆபீசில் தபால் பிரிவு.

போன காரியம்: வசந்தாவுக்கு ஒரு கத்தி செய்ய வேண்டும். நானே.

மே மாதம் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது முழங்கால். மாவுக்கட்டுப் பிரித்து ஆறு வாரம் ஆகியும் கால் மடங்கவில்லை. நிற்கிறாள், கோல் ஊன்றி நடக்கிறாள், கட்டிலிலும் முக்காலியிலும் காலை நீட்டி உட்காருகிறாள். தரையில் உட்கார முடியவில்லை. தரையில் உட்காராமல் அரிவாள்மனையில் எப்படி அரிவது? மூன்று மாதமாகக் காய் அரிவது நான். மீன் அரிவது எதிர்வீட்டு பரீதா அக்கா. வ.வுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. கிள்ளைக் கடற்கரைக்காரி. "மீனை அடுத்தவுங்க கையில குடுத்துட்டு நான் கட்டில்ல கெடக்கணுமா?" என்று தினம் ஒரு தடவை.

ஆகவே மேசைமேல் பலகை வைத்து நின்றபடி அரிய ஒரு கத்தி. கடையில் வாங்கியது ரொட்டிக்குக்கூட ஆகவில்லை.

ஜமால் சிரிக்கவில்லை. உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு அறுத்து, காய்ச்சி, அடித்துத் தட்டையாக்கினான். "சாணை பிடிக்கிறதும் தீட்டுறதும் நீதான் மச்சான். அதுலயே உனக்குத் தாவு தீந்துடும்."

அடுத்த ஞாயிறு வரச்சொன்னான். அதுவரை வீட்டில் பழைய கத்தியை வைத்துப் பழக உத்தரவு. ஒரு தீட்டுக்கல்லும் கொடுத்தான்.

9, செவ்வாய்

ஆபீஸ் விட்டு வந்ததும் கல்லோடு. தெரிந்துகொண்டவை:

கல்லை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்.
கத்தியின் சாய்வு மாறக்கூடாது. என் கையில் இழுப்புக்கு ஒரு சாய்வு.
விளிம்பில் விளக்குக் கரி தடவித் தேய்த்தால் கல் எங்கே படுகிறது என்று தெரியும். எனக்கு எங்கெங்கோ படுகிறது.

வ. கட்டிலில் இருந்தபடி, "சத்தமே சரியில்லீங்க."

"பாக்காமயே சொல்றியா?"

"காது இருக்குதுல்ல. ஒருதரம் சர்ருங்குது, ஒருதரம் கிர்ருங்குது."

சரியாகத்தான் சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு. காய்த் துண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவில்.

14, ஞாயிறு

மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போயிற்று. மறுபடி சிதம்பரம்.

மோட்டார் சாணை முதன்முறை. நின்றுகொண்டு பிடிக்க வேண்டும். பொறி பறக்கிறது, அழகாக இருக்கிறது, அங்கேதான் ஏமாந்தேன். பொறியையே பார்த்துக்கொண்டிருந்தவன் கத்தியைத் தண்ணீரில் முக்க மறந்தேன். விளிம்பு ஓரமாக ஒரு நீலம் ஓடியது, மயில் கழுத்துபோல.

ஜமால் மோட்டாரை நிறுத்தினான். "போச்சு. சூடு ஜாஸ்தியாச்சுன்னா இரும்பு இளகிடும். பாக்க நல்லாதான் இருக்கும், தக்காளிகூட அறுக்காது."

திட்டவில்லை. மறுபடி பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்கினான். பிறகு இளஞ்சூட்டில் வாட்டினான், காய்ந்த வைக்கோல் நிறம் வரும் வரை. நான் மறுபடி சாணையில். இம்முறை நாலு எண்ணுவதற்குள் ஒரு முக்கு. மத்தியானம் முழுக்க. கத்தி மாதிரி ஒன்று வந்தது. கொஞ்சம் கோணல்.

ரயிலில் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் "அல்வாவா?" என்றார்.

15, திங்கள். லீவு

கொடியேற்றிவிட்டு வந்து கைப்பிடி வேலை. உடைந்த நாற்காலியின் தேக்குக் கை.

அவள் கைக்கு அளவு எப்படி எடுப்பது? களிமண்ணை உருட்டிக் கொடுத்தேன். "இறுக்கிப் பிடி."

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்ச நேரம்."

பிடித்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் பதிந்தன, மோதிரம்கூட. கல்யாணமாகிப் பதினொரு வருஷமாகப் பார்க்கிற கை. சுண்டுவிரல் இத்தனை சிறியது என்று இன்றைக்குத்தான் கவனித்தேன். சொல்லவில்லை. சொன்னால் பரீதா அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

19, வெள்ளி

கைப்பிடி நாலு நாளாக இழைத்து, உப்புத்தாள் போட்டு, மூன்று பூச்சு வார்னிஷ். பித்தளைக் கம்பி இரண்டு அறைந்தாயிற்று. முகம் தெரிகிறது. ஆபீசுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். ஹெட்கிளார்க் கையில் வாங்கிப் பார்த்து, "வீட்ல சண்டை ஒண்ணுமில்லையே?" என்றார்.

21, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் சங்கரா மீன், நல்ல புதுசு. கத்தியை அவளிடம் நீட்டினேன். கூர் அவள் பக்கம்.

"கத்தி குடுக்கிற லட்சணமா இது? பிடியை இந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பிக் கொடுத்தேன். மேசையில் சாய்ந்து நின்று செதில் சுரண்டினாள், வயிற்றைக் கீறினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அந்த மும்முரம். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது மீனில் தலையை வெட்ட அழுத்தினாள். மீன் கொழகொழப்பு, வார்னிஷ் வழவழப்பு. கைப்பிடி சுழன்றது. இடது உள்ளங்கையில் நீளமாக ஒரு வெட்டு.

ரத்தம் பலகையெல்லாம். அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். பரீதா அக்கா ஓடிவந்து துணி சுற்றினார். கம்பவுண்டர் இரண்டு தையல் போட்டார்.

என் கையால் செய்த சாமான்.

22, திங்கள்

கத்தியைத் துணியில் சுற்றி பீரோ மேலே, சுவரோரம் தள்ளி வைத்துவிட்டேன். அவளுக்கு எட்டாது.

காலையில் கேட்டாள். "கத்தி எங்க?"

"வேணாம் விடு. நானே அரியிறேன்."

"எங்க வச்சீங்கன்னு கேட்டேன்."

"கையக் கிழிச்சுக்கிட்டது போதாதா?"

"எங் கை. நான் பாத்துக்குறேன். கெணத்தடிக்கிப் போகாத, வாசல்ல நிக்காத, இப்ப கத்தியைத் தொடாத. அப்பறம் என்னாதான் செய்யட்டும்? உக்காந்து உங்க மூஞ்சியப் பாக்கட்டுமா?"

ஆபீசில் வேலை ஓடவில்லை. விலாசம் மாற்றி இரண்டு உறை அனுப்பியிருக்கிறேன்.

23, செவ்வாய்

பேச்சு இல்லை. ரசம், அப்பளம். அப்பளத்துக்குக் கத்தி தேவையில்லை.

24, புதன்

சாயங்காலம் கடல்காற்று. வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம். சர்... சர்... சர்... ஒரே மாதிரி. வாசலில் செருப்போடு நின்றுவிட்டேன்.

சமையலறையில் வ. முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மேசையில் ஈரத்துணி, அதன்மேல் கல், கல்மேல் என் கத்தி. கட்டுப்போட்ட கையின் விரல் நுனி இரண்டு மட்டும் கத்திமேல். நான் பதினைந்து நாளாகப் பிடிக்க முடியாத சாய்வு அவளிடம் அசையாமல் நிற்கிறது.

"பரீதா அக்கா எடுத்துக் குடுத்தாங்க. அவுங்களத் திட்டாதீங்க."

கைப்பிடியில் வார்னிஷைச் சுரண்டிவிட்டுத் தூண்டில் நூலை நெருக்கிச் சுற்றியிருந்தாள். அவள் அப்பா துடுப்புக்கு இப்படித்தான் சுற்றுவாராம். ஈரக்கையில் வழுக்காது.

செய்தித்தாளை நீட்டச் சொன்னாள். பிடித்தேன். கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. ராசிபலன் பத்தி இரண்டாக.

"மன்னிச்சுக்கோ."

"எதுக்கு? வெட்டுனதுக்கா, ஒளிச்சு வச்சதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டாவதுக்கு மட்டும் போதும்" என்றாள். பிறகு, "காபி குடிக்கிறீங்களா?"

26, வெள்ளி

பரீதா அக்கா தன் வீட்டுக்காரர் பினாங்கிலிருந்து கொண்டுவந்த கத்தியோடு வந்தார். வாங்கிய நாளிலிருந்து மழுங்கல். வ. தீட்டிக் கொடுத்தாள். "அல்லாவே, முடியக்கூட செரைக்கும்போல இருக்கே!" தெருமுனை வரை கேட்டிருக்கும். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று வீட்டுக் கத்தி, ஒரு கத்தரிக்கோல்.

ஒன்று உறைக்கிறது: நான் அவளுக்குக் கத்திதான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

27, சனி

அரைநாள் லீவு போட்டு, வ.வை டாக்டரிடம் காட்ட சிதம்பரம். ரயிலில் ஏற்றுவது பெரும்பாடு. காலை நீட்ட ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார்.

டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்தார், முழங்காலைத் திருப்பிப் பார்த்தார். அவளைப் புடவையைச் சரிசெய்துகொள்ளச் சொல்லி என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். எலும்பு சேர்ந்த விதம் அப்படி, இதற்கு மேல் மடங்காது, வலி குறையும், தரையில் உட்காருவது என்பது இனி இல்லை. தலையை ஆட்டினேன். ஏதோ நன்றிகூடச் சொன்னேன்.

எப்படிச் சொல்வது? வெளியே வந்ததும் இரண்டு முழம் மல்லி வாங்கிக் கொடுத்தேன். ரிக்ஷாவில் ஏறி ஸ்டேஷனுக்கு என்றேன். பாதி வழியில் வ., "டாக்டர் சொன்னதை எப்ப சொல்றதா உத்தேசம்?"

"ஒண்ணும் சொல்லலியே."

"பட்டப்பகல்ல பூ வாங்கித் தர்ற ஆளா நீங்க? மடங்காதுன்னு சொல்லிட்டாரா?"

"ஆமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்தேன், தையல் போட்ட கை என்று நினைவு வந்து தளர்த்தினேன். "இறுக்கியே பிடிங்க, வலிக்கல" என்றாள். பிறகு ரிக்ஷாக்காரரிடம், "அண்ணே, டேசனுக்கு வேணாம். லாரிப் பட்டறைக்கு விடுங்க."

ஜமால் பதறிப்போய் நாற்காலி தேடினான். "நாக்காலி வேணாம் அண்ணே. நின்னுகிட்டே செய்யிற வேலதானே இது? எங்க நிக்கணும், அதச் சொல்லுங்க."

ஜமால் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பைப் பெஞ்சில் அணைத்து நின்றாள். ஜமால் ஒரு பட்டைத்துண்டு கொடுத்தான். மோட்டார் ஓடியது. பொறி பறந்தது. அவள் பொறியைப் பார்க்கவில்லை, விளிம்பை மட்டுமே பார்த்தாள். முக்கினாள். பிடித்தாள். முக்கினாள்.

"மச்சான்" என்றான் ஜமால் மெதுவாக, "நீ இனிமே கைப்பிடி மட்டும் பாரு."

நாலு மணி பாசஞ்சர் கூவிவிட்டுப் போயிற்று. அடுத்தது ஏழுக்கு. சொன்னேன். அவள் திரும்பவில்லை.