யாருமே விரும்பாத ஏகமனதான தீர்மானமும் எங்கள் ஊர் நிழற்குடையும்

அனுப்புநர்:
ஹியூபர்ட் ஸ்ப்ராட்லி,
பன்றிப் பண்ணை,
மேல் டாப்ஸ்லி கிராமம்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
ஆர்ன்வேல் மாவட்ட மன்றம்.

பொருள்: பேருந்து நிழற்குடையைப் பெயர்த்துக் கீழ் டாப்ஸ்லிக்குக் கொண்டுபோவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. தேவாலயத்துக்கு எதிரே உள்ள நிழற்குடையைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடுவதென்று எங்கள் கிராம மன்றத்தின் ஆறு உறுப்பினர்களும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். வெள்ளிக்கிழமை லாரி வருமென்று தங்கள் அலுவலகம் தெரிவித்துள்ளது. அந்த ஆறு பேரில் ஒருவருக்குக்கூட இதில் விருப்பமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. நடந்தது இதுதான். கீழ் டாப்ஸ்லிக்காரர் ஒருவர் எங்கள் மன்றத் தலைவர் திரு. பில்பீமிடம், "உங்க நிழற்குடை ரொம்ப அழகா இருக்குங்க" என்றிருக்கிறார். அவர் அதைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்ட தலைவர், இல்லையென்பது மரியாதையல்ல என்று கருதிக் கூட்டத்தில் வைத்தார். தலைவருக்கு ஆசை போலும் என்று மற்றவர்கள் கைதூக்க, மற்றவர்களுக்கு ஆசை போலும் என்று தலைவரும் தூக்கினார். பார்வையாளர் நாற்காலியில் இருந்த நானும், தேநீர் வந்த நேரத்தில் குறுக்கே பேசுவது அழகல்ல என்று வாயை மூடிக்கொண்டேன்.

3. பிறகு மதுக்கடையில்தான் குட்டு உடைந்தது. "நீங்க கேக்குறீங்களேன்னுதான் கையத் தூக்குனேன்!" என்றார் உறுப்பினர் திருமதி கிரிம்வேட். "நான் எங்கம்மா கேட்டேன்? எல்லாரும் தூக்குனா நான் மட்டும் வெறப்பா உக்காந்திருக்க முடியுமா?" என்றார் தலைவர். தாட்சண்யம் தன நாசம் என்பது சும்மா இல்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்க இவர்களுக்கு வாய் வராது. கீழ் டாப்ஸ்லிக்கும் அது வேண்டாம். சொன்னால் நாங்கள் வருந்துவோம் என்று தவிக்கிறார்கள். விதிகளில் இடமில்லை என்று தாங்கள் ஒரு வரி எழுதினால் இரண்டு ஊரும் நிம்மதியாகத் தூங்கும்.

4. என் முந்தைய கடிதத்துக்கு, சொந்த வேன் வைத்திருக்கும் மனுதாரருக்கு நிழற்குடையால் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. வேன் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் புதன்தோறும் உறுப்பினர் திருமதி லவீனியா காபால்ட் பேருந்தில் சந்தைக்குப் போகிறார். ஆகவே நானும் போகிறேன். மழை வந்தால் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் தருவார், பன்றிகளை ஒவ்வொன்றாக நலம் விசாரிப்பார். மழையைக் கண்டு என்னைப்போல் மகிழும் ஆள் இம்மாவட்டத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார். அவர் கணவரை இழந்தவர், நான் மணமாகாதவன். அவரை மணக்க விரும்புகிறேன். சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அந்த இடமும் போய்விட்டால் எங்கே வைத்துச் சொல்வேன்?

5. மனுவில் உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட வேண்டுமாம். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லியறியாத ஐந்து பேர், நாலாம் பத்தியைப் படித்ததும் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிட்டார்கள். "ஆறாவது ஆளு வீட்டுக்குப் போய்யா!" என்று துரத்தினார் தலைவர். வேறு வழியில்லை, போகிறேன்.

லாரி புறப்படுமுன் தடையாணை பிறப்பித்து, எங்களை எங்கள் மரியாதையிடமிருந்தே காப்பாற்றுமாறு வேண்டுகிறேன்.

இடம்: மேல் டாப்ஸ்லி
நாள்: அக்டோபர் 14

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஹியூபர்ட் ஸ்ப்ராட்லி

மேலொப்பம்: நாலாம் பத்தியை இரண்டு முறை படித்தேன். எனக்குச் சம்மதம். ஆனாலும் லாரியை நிறுத்திவையுங்கள் ஐயா. வாசலில் நனைந்துகொண்டு நிற்கும் இந்த மனிதர், அந்தப் பெஞ்சில் வைத்து அதை ஒருமுறையாவது வாய்திறந்து கேட்கட்டும்.
– லவீனியா காபால்ட், உறுப்பினர்